இரண்டு விடியல் கண்ட ஆகாய வழி

நம் அயல்வீட்டு ஆச்சியின் பேரன் அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரிலே படிக்கின்றான். ஆனி மாத விடுமுறைக்கு அவன் ஊர் வரவிருந்த சமயம், விமானச் சீட்டிலே கண்ட நேரங்களை ஒரு கடதாசியில் எழுதுவித்துக்கொண்டு ஆச்சி நம்மிடம் வந்தார். மெல்பேணில் பிற்பகல் 4 மணிக்கு ஏறினால் அன்றிரவே 10.30 மணிக்குக் கட்டுநாயக்காவில் இறங்கலாம். திரும்பும்போதோ கட்டுநாயக்காவில் நள்ளிரவு 12 மணிக்கு ஏறுபவன் மறுநாட் பிற்பகல் 3 மணிக்குத்தான் மெல்பேணில் இறங்குவான். விரல்விட்டு எண்ணிய ஆச்சிக்கு, வருவதற்கு ஆறரை மணித்தியாலமும் போவதற்குப் பதினைந்து மணித்தியாலமும் என்று கணக்கு வந்தது.

"ஏன் தம்பி, போகேக்கை ஏத்தமோ, வரேக்கை இறக்கமோ?" என்று கேட்டார்.

அருகில் நின்ற பேத்தி, பாடசாலையிற் பூமிசாஸ்திரம் படிப்பவள், ஆச்சிக்கு விளக்கஞ் சொல்ல முந்திக்கொண்டாள். பூமி மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிச் சுழல்கின்றதாம். ஆதலாற் கிழக்கே போகும் விமானத்துக்கு ஊர் விலகி விலகி ஓடுகின்றதாம். கேட்பதற்கு அழகான விளக்கம், ஆனாற் பிழையானது. பூமி சுழலும்போது அதனைச் சூழ்ந்த காற்றுமண்டலமும் உடன் சுழல்கின்றது. விமானம் பறப்பது அந்தக் காற்றிலே. ஓடுகின்ற புகையிரதத்தின் உள்ளே முன்பெட்டிக்கு நடப்பவனுக்கும் பின்பெட்டிக்கு நடப்பவனுக்கும் வண்டியின் ஓட்டத்தால் நடை தூரங் கூடுவதோ குறைவதோ இல்லை.

உண்மையான விடை மணிக்கூட்டிலே இருக்கின்றது. விமான அட்டவணைகள் ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் அவ்வூர் நேரத்தையே குறிப்பன. ஆனி மாதத்தில் மெல்பேண் மணிக்கூடு இலங்கை மணிக்கூட்டுக்கு நாலரை மணித்தியாலம் முந்தி ஓடுகின்றது. ஆகவே போகும் கணக்கிலிருந்து நாலரையைக் கழிக்க வேண்டும். வரும் கணக்குடன் நாலரையைக் கூட்ட வேண்டும். அப்படிச் செய்தாற் போவதற்குப் பத்தரை மணித்தியாலம், வருவதற்குப் பதினொரு மணித்தியாலம் என்று வரும். பதினைந்தும் ஆறரையுமாக நின்ற பெரு வித்தியாசம் மறைந்துவிட்டது. ஆனால் அரை மணித்தியாலம் இன்னமும் மிஞ்சி நிற்கின்றது. கட்டுநாயக்காவுக்கும் மெல்பேணுக்கும் இடைத்தூரம் இருபுறமும் ஏறக்குறைய 8,360 கிலோமீற்றர்தான். அப்படியிருக்க இந்த அரை மணித்தியாலம் எங்கிருந்து வந்தது? காற்றிலிருந்து வந்தது. உயர வானத்திலே மேற்கிலிருந்து கிழக்காக வீசுங் காற்று போகின்றவனைத் தள்ளிக் கொடுக்கின்றது, வருகின்றவனைத் தடுக்கின்றது. ஆச்சி சொன்ன ஏற்றமும் இறக்கமும் ஓரளவுக்கு இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் ஆச்சி நினைத்த திசையில் அன்று!

நம் முன்னோர் வழித்தூரத்தை நாழிகை வழி என்றே சொல்லி வந்தனர். ஒரு நாழிகை இக்காலத்து 24 நிமிஷம். அந்நேரத்தில் ஒருவன் நடக்கக்கூடிய தூரமே நாழிகை வழி. மண்ணின் நீளத்தைக் காலத்தாலே அளந்த அவ்வழக்கு இன்று நூல்களில் மட்டுமே உண்டென்று நினைப்பது தவறு. பிள்ளைகளைப் பிறநாடுகளுக்கு அனுப்பிவிட்டிருக்கும் எந்தத் தாயும் "எத்தனை கிலோமீற்றர்?" என்று கேட்பதில்லை, "எத்தனை மணித்தியாலம்?" என்றே கேட்கின்றாள். அவள் கேட்பதே சரியான கேள்வி என்பது நம் எண்ணம். ஏனெனிற் கிலோமீற்றர் மாறாது, மணித்தியாலம் மாறும். எவ்வளவு மாறும் என்பதற்கு நம் நாட்டின் தென்கரையிலுள்ள ஓர் ஏரியே சாட்சி. அதனிடம் போகுமுன், தூரத்தை எப்படி அளக்கின்றனர் என்பதைச் சற்றுப் பார்த்துவிடுவோம்.

வகுப்பறைச் சுவரிலே தொங்கும் உலகப்படத்தில் அடிமட்டத்தை வைத்துத் தூரம் அளக்கும் மாணவன் ஏமாந்துபோவான். உருண்டையான பூமியைத் தட்டையான கடதாசியில் விரித்ததனால் வந்த கோளாறு அது. சிங்கப்பூருக்கும் நியூயோர்க்குக்கும் நேர்வழி எது என்று கேட்டால், சுவர்ப்படத்தைப் பார்ப்பவன் இந்தியா, அரேபியா, ஐரோப்பா, அத்திலாந்திக் சமுத்திரம் என்று கோடு கீறுவான். பூகோள உருண்டையொன்றை எடுத்து, அவ்விரு நகரங்களுக்கும் இடையே ஒரு நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் வடதுருவத்தை ஒட்டிப் போகும்! அந்த நூலின் நீளமே விமான நிலையங்களுக்கிடையே சொல்லப்படும் தூரம். சிங்கப்பூர் - நியூயோர்க் தூரம் ஏறக்குறைய 15,350 கிலோமீற்றர். ஆயினும் விமானங்கள் எப்போதும் நூலைப் பின்பற்றுவதில்லை. சிங்கப்பூரிலிருந்து நியூயோர்க் செல்லும் விமானம், பல நாட்களிற் பசிபிக் சமுத்திரத்தின் மேலாக ஆயிரத்துக்கு மேற்பட்ட கிலோமீற்றர் சுற்றிச் செல்கின்றது; பின்காற்று உதவுவதாற் சுற்றுவழியே சுருக்கவழி ஆகிவிடுகின்றது.

இனி நம் ஏரிக்கு வருவோம்.

காலியிலிருந்து மாத்தறைக்குச் செல்லும் வீதியில், கடலுக்கு மிக அண்மையில் இருப்பது கொக்கல ஏரி. சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த ஊர் அது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது அங்கே விமானத்தளம் அமைப்பதற்காக ஊர்மக்கள் வெளியேற்றப்பட்டனர். அலையற்ற அந்த ஏரிநீர், நீரிலே இறங்கி நீரிலிருந்தே எழும் பறக்கும் படகுகளுக்கு மிகவும் வாய்ப்பாக இருந்தது. 1942 ஆம் ஆண்டு ஏப்ரில் 4 ஆந் திகதி இவ்வேரியிலிருந்து எழுந்த கற்றலினா விமானமொன்றின் தலைவரான கனடா நாட்டவர் லெனார்ட் பேர்ச்சோல், இலங்கையை நோக்கி வந்த ஜப்பானியக் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பினார். அவரது விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு அவர் சிறைப்பட்டார். மறுநாள் கொழும்பின்மீது குண்டு விழுந்தது. ஆனால் விழுமுன்னரே எச்சரிக்கை கிடைத்திருந்தது.

நாம் சொல்ல வந்தது அந்தப் போர்க்கதையன்று. அதே ஏரியில் அடுத்த ஆண்டு தொடங்கிய தபாற்கதை.

1938 ஆம் ஆண்டு முதற் பறக்கும் படகுகள் சிட்னியிலிருந்து சிங்கப்பூர், இந்தியா வழியாக இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் வரை சென்று வந்தன. ஏறக்குறையப் பத்து நாட் பிரயாணம். இடையிடையே இறங்கி, உண்டு, உறங்கிச் செல்லலாம். 1942 ஆம் ஆண்டு பெப்ரவரி 15 ஆந் திகதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. சுமாத்திரா, ஜாவா, அந்தமான் யாவும் அவ்வாறே அவர்கள் கைப்பட்டன. அவுஸ்திரேலியாவையும் இங்கிலாந்தையும் இணைத்த ஆகாய வழி நடுவிலே அறுந்துபோயிற்று. அறுந்த இடத்தை ஒட்டுவதற்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. அவுஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பேர்த் நகரிலிருந்து இந்து சமுத்திரத்தை ஒரே மூச்சிற் கடந்து இலங்கையை அடைவதே அவ்வழி.

பேர்த் நகரின் சுவான் நதியிலிருந்து கொக்கல ஏரிக்கு ஏறக்குறைய 5,650 கிலோமீற்றர், அதாவது 3,500 மைல். வழியில் இறங்குவதற்கு நட்பு நிலம் என்று நம்பக்கூடியது எதுவும் இல்லை. இக்காலத்து ஜெட் விமானம் ஆறரை மணித்தியாலத்திற் கடந்துவிடும் தூரந்தான். ஆனாற் கற்றலினா மணிக்கு ஏறக்குறைய 200 கிலோமீற்றர் வேகத்தில் ஊர்ந்து செல்லும் விமானம். 1943 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் குவாண்டாஸ் நிறுவனம் ஐந்து கற்றலினாக்களைக் கொண்டு இச்சேவையைத் தொடங்கிற்று. அவற்றுக்கு அல்தாயர், வேகா, றைஜல், அந்தாரிஸ், ஸ்பைக்கா என்று விண்மீன்களின் பெயர்கள் இடப்பட்டன. பெயர் வெறும் அலங்காரமன்று. வானொலியைத் திறந்தாற் பகைவன் இருப்பிடம் அறிந்துவிடுவான். ஆதலால் மௌனமாகப் பறக்க வேண்டியிருந்தது. இரவிலே வழிகாட்டியவை விண்மீன்களே.

எவ்வளவு தூரம் என்ற கேள்வி, இங்கே எவ்வளவு எண்ணெய் என்ற கேள்வியாகின்றது. வழக்கமான தொட்டிகளில் உள்ள எண்ணெய் போதாது. விமானத்தின் வயிற்றுக்குள்ளேயே மேலதிகத் தொட்டிகள் வைக்கப்பட்டன. எண்ணெயின் பாரத்துக்காக மற்றெல்லாவற்றையும் குறைத்தனர். மூன்று பிரயாணிகள், 69 கிலோகிராம் தபால் - இதற்கு மேல் இடமில்லை. பகைவரை எதிர்க்க ஆயுதமும் இல்லை. புறப்பட்ட முதற் பல மணித்தியாலங்களில், இரண்டு எஞ்சின்களுள் ஒன்று நின்றுவிட்டால் மற்றையது தாங்கமாட்டாத பாரம். எண்ணெய் எரிந்து குறையக் குறையத்தான் அந்த அபாயமுங் குறையும். அந்த 69 கிலோகிராமில் ஒரு கடிதம் எத்தனை கிராம் இருக்கும், அதற்காக எத்தனை பேர் இரவு முழுவதும் கண்விழித்திருக்க வேண்டியிருந்தது என்பதை, கைத்தொலைபேசியில் நொடிக்கு நொடி செய்தி அனுப்பும் நம் பிள்ளைகள் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

ஜப்பானியர் விமானங்கள் எட்டக்கூடிய பகுதியை இருளிலே கடக்கும் வண்ணம் புறப்படும் நேரம் அமைக்கப்பட்டது. பிரயாணம் 27 மணித்தியாலம் முதல் 33 மணித்தியாலம் வரை நீடித்தது. ஒரு நாளுக்கு மேலாகத் தரை தொடாமற் பறந்தோர், ஒரே பிரயாணத்தில் இருமுறை சூரியோதயத்தைக் கண்டனர். பிரயாணிகளுக்கு, 'இரட்டைச் சூரியோதய இரகசியக் குழு'வில் அவர்கள் சேர்ந்துவிட்டதாக ஓர் அத்தாட்சிப் பத்திரமும் வழங்கப்பட்டது. இச்சேவைக்கே பிற்காலத்தில் இரட்டைச் சூரியோதயம் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

கணக்கிலே விருப்பமுள்ள மாணவர்கள் இந்த இரண்டாவது விடியலை இன்னுங் கொஞ்சம் கவனிக்கலாம். நிலத்திலே நிற்பவனுக்கு ஒரு விடியலிலிருந்து மறு விடியல் வரை 24 மணித்தியாலம். பேர்த்துக்கும் கொக்கலவுக்கும் இடையே தீர்க்கரேகை வித்தியாசம் ஏறக்குறைய 35½ பாகை. ஒரு பாகைக்கு 4 நிமிஷம் வீதம் அது 142 நிமிஷம், அதாவது 2 மணித்தியாலம் 22 நிமிஷம். பேர்த்திலே விடியுமுன் எழுந்து மேற்கு நோக்கிப் பறப்பவன் சூரியனுக்கு முன்னே ஓடுகின்றான். ஆதலால் மறு விடியல் அவனுக்கு 24 மணித்தியாலத்தில் வராது. 26 மணித்தியாலத்தையுந் தாண்டித்தான் வரும். பருவத்துக்கேற்பச் சிறிது கூடிக் குறையலாம். இரவு அவனுக்கு நீளுகின்றது. பகைவருக்கு ஒளிந்து செல்பவனுக்கு அது நன்மைதானே!

இனிக் காற்றின் கணக்கு. அமைதியான காற்றிலே கற்றலினா 5,650 கிலோமீற்றரைக் கடக்க ஏறக்குறைய 28 மணித்தியாலம். எதிர்க்காற்று மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் வீசுவதாகக் கொள்வோம். துவிச்சக்கரவண்டி ஓடும் வேகந்தான். விமானத்தின் வேகம் 175 ஆகக் குறையும். பிரயாணம் 32 மணித்தியாலத்துக்கு மேல் நீளும். நான்கு மணித்தியாலத்துக்குரிய எண்ணெய் கையில் இல்லாவிட்டாற் கடல்தான் கதி. மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் ஜெட் விமானத்துக்கு அதே காற்று அதே வழியிற் பத்து நிமிஷத் தாமதத்தையே உண்டாக்கும். மெதுவாகச் செல்பவனுக்கே காற்று பெரிய எதிரி. அந்த அளவுக்குக் கணக்குப் பார்த்துப் பறந்ததனாலே போலும், 1945 ஆம் ஆண்டு ஜூலை வரை இச்சேவை 271 தடவை சமுத்திரத்தைக் கடந்தும் ஒரு விமானமேனும் தொலைந்துபோகவில்லை.

1944 ஆம் ஆண்டில் நான்கு எஞ்சின்கள் கொண்ட லிபரேற்றர் விமானங்களும் இவ்வழியிற் சேர்ந்தன. இவை தரையில் இறங்குவன. ஆகவே கொக்கல ஏரிக்குப் பதிலாக இரத்மலானைக்கு வந்தன. கடலைத் தாண்ட ஏறக்குறைய 17 மணித்தியாலமே பிடித்தது. தூரம் பெரிதாகக் குறைந்துவிடவில்லை. நேரமோ பாதிக்குக் கிட்டக் குறைந்துவிட்டது. குவாண்டாஸ் விமானங்களிற் காணப்படும் கங்காருச் சின்னம் முதன்முதலில் வரையப்பட்டதும் இந்த இலங்கை வழியிற் பறந்த லிபரேற்றர் ஒன்றிலேதான். கற்றலினாக்களின் முடிவு பரிதாபமானது. அமெரிக்காவிடமிருந்து யுத்தகால ஏற்பாட்டின்கீழ்ப் பெறப்பட்ட அவற்றை, யுத்தம் முடிந்ததும் உடன்படிக்கைப்படி கடலுக்குக் கொண்டுபோய் மூழ்கடித்துவிட்டனர்.

அந்தப் பெயர் மட்டும் மூழ்கவில்லை. 2019 ஆம் ஆண்டில் அதே நிறுவனம், சிட்னிக்கு உலகின் மறுகோடியிலிருந்து இடையில் இறங்காமற் பறக்க முடியுமா என்று சோதனை நடத்தியபோது, கற்றலினாக்களை நினைந்து அம்முயற்சிக்குச் சூரியோதயத் திட்டம் என்றே பெயரிட்டிருந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் நியூயோர்க்கிலிருந்து சிட்னிக்கு ஏறக்குறைய 16,200 கிலோமீற்றர் பறப்பதற்கு 19 மணித்தியாலம் 16 நிமிஷம் சென்றது. நவம்பரில் இலண்டனிலிருந்து சிட்னிக்கு ஏறக்குறைய 17,800 கிலோமீற்றர். அதற்குச் சென்றது 19 மணித்தியாலம் 19 நிமிஷம். இவ்விரண்டு எண்களையும் நாம் திரும்பத் திரும்பப் பார்த்தோம். இரண்டும் போயிங் 787-9 ரக விமானங்களே. தூரத்திலே 1,600 கிலோமீற்றர் வித்தியாசம். நேரத்திலே மூன்று நிமிஷம்! முன்னையது மேற்கு நோக்கியது. பின்னையது கிழக்கு நோக்கியது. இலண்டன் விமானத்தைத் தள்ளிவிட்டது ஆச்சியின் இறக்கந்தான்.

இதற்கு முந்திய ஆண்டிலே, 2018 மார்ச்சில், பேர்த்துக்கும் இலண்டனுக்கும் இடையே 14,498 கிலோமீற்றரை ஏறக்குறையப் 17 மணித்தியாலத்தில் ஒரே மூச்சிற் கடக்கும் சேவை தொடங்கிற்று. கற்றலினா இலங்கை வரை வருவதற்கு எடுத்த நேரத்தில் முக்காற் பங்குக்கும் குறைவான நேரத்தில், அதே பேர்த்திலிருந்து ஐரோப்பாவுக்கே போய்விடலாம். ஆயினும் மணித்தியாலக் கணக்கை எடுத்தால், இந்தப் புதிய விமானங்கள் எவையும் கொக்கல ஏரியை எட்டவில்லை. பிரயாணிகளை ஏற்றி, இடையில் இறங்காது பறந்த சேவைகளுள் மிக நீண்ட நேரம் ஆகாயத்தில் நின்றது அந்த மூவரையும் தபால்மூட்டையையும் சுமந்த கற்றலினாதான்.

யுத்தம் ஆகாய வழியை நீட்டுவது அந்தக் காலத்தோடு போய்விட்டதென்று எண்ணுதல் வேண்டாம். பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு நூல்பிடித்தாற் 7,800 கிலோமீற்றரளவே. ரஷ்ய நாட்டின் மேலாகப் பறந்த காலத்தில் ஒன்பதரை மணித்தியாலத்திற் போனார்கள். 2022 ஆம் ஆண்டில் உக்ரேன் யுத்தம் மூண்டு ரஷ்ய வானம் அடைபட்டதும், வடதுருவத்தின் மேலாகச் சுற்றிப் பறக்க வேண்டியதாயிற்று. பிரயாணம் ஏறக்குறையப் 13 மணித்தியாலமாக நீண்டது. வேடிக்கை என்னவெனில், சோவியத் வானம் திறவாதிருந்த 1983 ஆம் ஆண்டில் இதே பின்லாந்து விமானங்கள் இதே துருவவழியாக இதே 13 மணித்தியாலத்திற்றான் டோக்கியோ சென்றன. நாற்பது ஆண்டுகளில் விமானங்கள் எவ்வளவோ முன்னேறின. வானத்தை அடைக்கும் வழக்கம் அப்படியே இருந்தது.

இவற்றையெல்லாம் ஆச்சிக்குச் சொல்லி முடிக்க ஒரு மாலைப்பொழுது சென்றது. இரண்டு விடியற் கதையைக் கேட்டு அவர் வாய்மேற் கைவைத்தார். பிறகு கடதாசியை விரித்து, தாமே கணக்குப் பார்க்கத் தொடங்கினார். அங்கே பிற்பகல் நான்கு என்றால் இங்கே காலை பதினொன்றரை. அதனோடு பதினொன்று கூட்டினால் இரவு பத்தரை. சரியாகவே வந்தது.

"அப்ப இராச்சாப்பாட்டுக்கு வந்திடுவான்" என்றார் மகிழ்ச்சியோடு.

கட்டுநாயக்காவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு முந்நூற்றுக்கு மேற்பட்ட கிலோமீற்றர் இருக்கின்றது என்பதையும், 8,360 கிலோமீற்றரைப் பதினொரு மணித்தியாலத்திற் கடந்து வருபவன் இந்தச் சிறு தூரத்துக்கு வீதியில் இன்னும் ஆறேழு மணித்தியாலம் செலவிட வேண்டும் என்பதையும் அப்பொழுதுதான் நாம் அவருக்கு நினைவூட்டினோம். ஆச்சி சற்று யோசித்தார்.

"அதுவுஞ் சரிதான். விடியப்புறம் அவனுக்கு அப்பம் சுட்டு வைக்கிறன்" என்று எழுந்து போனார்.